பத்துக்கு எத்தனை?

உக்காருங்க, உக்காருங்க. ஒரு ஆள் வர்றதா இருந்துச்சு, அதான் துண்டு போட்டு வச்சிருந்தேன். வரல. நீங்க தாராளமா உக்காருங்க. மதுரை வரைக்கும்தானே?

மருந்து ரெப்பா நீங்க? பையைப் பார்த்ததுமே நினைச்சேன். டையைக் கழட்டி சட்டைப் பாக்கெட்ல சொருகியிருக்கீங்க பாருங்க. சரி, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வலி மாத்திரை விக்கிறீங்களா? விக்கிறீங்க. அந்த வலியை எதால அளக்குறீங்க? காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கு. பிரஷருக்குக் கையில பட்டியைச் சுத்தி அமுக்குறான். சுகருக்கு விரல்ல குத்தி ரத்தம் எடுக்குறான். வலிக்கு? எனக்குத் தெரியும், நான் சொல்றேன். பஸ் மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன வேலை.

என் பேரு தனுஷ்கோடி. அருப்புக்கோட்டையில பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுத்து ரிட்டையர் ஆனவன். பொதுத்தேர்வு பேப்பர் திருத்துற கேம்ப்ல என்னைத் தெரியாத ஆள் கிடையாது. அரை மார்க் தனுஷ்கோடின்னுதான் சொல்லுவாங்க. விடை சரியா இருக்கும், யூனிட் போட மறந்திருப்பான், அரை போச்சு. படம் போட்டிருப்பான், அம்புக்குறி போட்டிருக்க மாட்டான், அரை போச்சு. பத்து மார்க் கேள்விக்குப் பத்து நான் யாருக்குமே போட்டதில்லங்க. ஏழைத் தாண்டுறதுக்கே கை வராது. பத்துன்னா அதுக்கு மேல ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அப்படி எழுதுற பய இன்னும் பொறக்கல.

என் வீட்டம்மா ராஜாமணிக்குத் தை மாசம் அக்கி வந்துச்சு. வலது பக்கம் முதுகுல ஆரம்பிச்சு மாருக்குக் கீழ வரைக்கும் பட்டை கட்டின மாதிரி கொப்புளம். எவளோ சொன்னான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கிட்டு வந்துட்டா. அவரு காவியைக் குழைச்சு முதுகுல சிங்கம் வரைஞ்சு அனுப்பியிருக்காரு. சிங்கத்தைப் பார்த்தா அக்கி ஓடிருமாம். பிசிக்ஸ் வாத்தியார் பொண்டாட்டி முதுகுல சிங்கம். தலையில அடிச்சுக்கிட்டு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சிங்கத்துக்கு அடங்குச்சோ மாத்திரைக்கு அடங்குச்சோ, கொப்புளமெல்லாம் காஞ்சு உதிர்ந்து போச்சு. கதை அங்க முடிஞ்சிருக்கணும்.

முடியல. கொப்புளம் போயிருச்சு, வலி போகலங்குறா. எங்கன்னா, அதே இடத்துலங்குறா. நான் சும்மா விடல. டார்ச் அடிச்சு, என் பழைய லேப் லென்ஸை வச்சு அங்குலம் அங்குலமாப் பார்த்தேன். ஒண்ணுமில்ல. லேசா நிறம் மாறியிருக்கு, அவ்வளவுதான். ஆனா முந்தானை பட்டாத் துடிக்கிறா. ஜாக்கெட் போட முடியலங்குறா. ஃபேன் காத்து பட்டா எரியுதுங்குறா. சித்திரை வெயில்ல, அருப்புக்கோட்டையில, ஃபேனை நிறுத்திட்டு உக்காந்திருக்கணும். யாரு? நான். கடைசியில என்னோட பழைய பனியன், தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சு போனது, அதைத் தையல் வெளிப்பக்கம் வர்ற மாதிரித் திருப்பி மாட்டிக்கிட்டு உள் ரூம்லயே கிடந்தா. வாசல்ல ஆள் சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்கிடுவா. கல்யாணம் காதுகுத்துன்னு எதுக்கும் வர்றதில்ல. நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிட்டு வருவேன். அம்மா எங்கன்னு கேப்பாங்க. மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாப் போச்சு.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வலிக்குன்னே தனியா ஒரு பிரிவு வச்சிருக்கான். பேரு வேணாம். அங்க ஷெரின்னு ஒரு டாக்டர் பொண்ணு. என் இளைய மகளை விடச் சின்னதா இருக்கும். கூட்டிட்டுப் போய் உக்கார வச்சேன். ஸ்கேன் எடுப்பா, ஏதாவது மெஷின்ல படுக்க வைப்பான்னு பார்த்தா, அந்தப் பொண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, "அம்மா, உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? சைபர்னா வலியே இல்ல, பத்துன்னா இதுக்கு மேல தாங்கவே முடியாது"ன்னு கேக்குது.

மார்க்குன்னதும் நான் நிமிர்ந்து உக்காந்தேன். இவ்வளவுதானா உங்க விஞ்ஞானம்? இதுக்கா எம்.டி. படிச்சீங்க?

ராஜாமணி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு எட்டுன்னா.

எட்டாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எட்டுன்னா என்னன்னு தெரியுமா இவளுக்கு? நான் குறுக்க பூந்து நாலு கேள்வி கேட்டேன். மூத்தவளைப் பெத்தப்ப எத்தனைன்னு கேட்டேன். ஒன்பதுன்னா. கொதிக்கிற கஞ்சி கால்ல கொட்டுச்சே, அதுக்கு? ஏழுன்னா. அப்ப கண்ணுக்கே தெரியாத இது, கொதிக்கிற கஞ்சியை விட ஜாஸ்தியான்னேன். காலையில எந்திரிச்சு இட்லி அவிச்சியே, எட்டு வலி உள்ளவ இட்லி அவிப்பாளான்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நாலு போட்டுக்கோங்கம்மான்னு டாக்டர்கிட்ட சொன்னேன்.

அதுக்கு அந்தப் பொண்ணு, ஐயா, வலியில அவங்க சொல்றதுதான் அளவு, வேற அளவு கிடையாதுன்னுச்சு. யூனிட் என்னன்னேன். யூனிட் இல்லயாம். கரண்டுக்கு ஆம்பியர் இருக்கு, அழுத்தத்துக்கு பாஸ்கல் இருக்கு, யூனிட்டே இல்லாம ஒரு அளவா? பரீட்சை எழுதுறவனே மார்க்கும் போட்டுக்கலாம்னா, நான் எதுக்குங்க இத்தனை வருஷம் சிவப்பு மையோட மல்லுக்கட்டினேன்? அந்தப் பொண்ணு என்னை விட்டுட்டு ராஜாமணியைப் பார்த்து, நீங்க சொல்லுங்கம்மான்னுச்சு. ராஜாமணி மெதுவா நாலுன்னா. பார்த்தீங்களா? கேள்வியைச் சரியாக் கேட்டா விடை தானா சரியா வரும்.

அதோட விட்டாங்களா? இல்ல. எந்த மாதிரி வலின்னு அடுத்த கூத்து. எரியுதா, குத்துதா, குடையுதா, சுண்டுதா, கடுக்குதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா. வலிக்கு இத்தனை பேரு வச்சிருக்கான் தமிழன், ஒண்ணுக்குக் கூட டெஃபனிஷன் எழுதி வைக்கல. இவ என்னடான்னா எரியுதுங்குறா, அப்புறம் சுள்ளுனு இழுக்குதுங்குறா, மிளகாய் அரைச்ச கையோட கண்ணைக் கசக்கின மாதிரிங்குறா. ஏம்மா, சரியான விடையைத் தேர்ந்தெடுன்னா ஒண்ணைத்தான் எடுக்கணும், மூணைச் சொன்னா சைபர்னேன். டாக்டர் மூணையும் எழுதிக்கிச்சு.

அப்புறம் ஒரு பஞ்சை எடுத்து இடது பக்கம் தடவுச்சு. சும்மா இருந்தா. வலது பக்கம் தடவுச்சு. ராஜாமணி நாற்காலியோட பின்னால போயிட்டா, கண்ணுல தண்ணி. பஞ்சுங்க. அதோட வெயிட் எவ்வளவு இருக்கும்? அதை நான் சொன்னேன். டாக்டர் எனக்கு விளக்கம் குடுக்குது. ஐயா, அக்கி கிருமி நரம்பைக் கடிச்சுட்டுப் போயிருச்சு, வாசல்ல யாருமே இல்லாட்டியும் உங்க வீட்டுக் காலிங்பெல் வயர் பழுதாகி அடிச்சுக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும், அப்படின்னுச்சு. அப்ப மெயினை ஆஃப் பண்ணும்மான்னேன். சிரிக்கல. எல்லாத்துக்கும் சிரிக்கிற பொண்ணு, அதுக்கு மட்டும் சிரிக்கல.

கடைசியா வாழ்க்கைத் தரமாம். வலியை அளந்தாச்சு, இப்ப வாழ்க்கையை அளக்கணுமாம். அதுக்கும் ஒரு கேள்வித்தாள். ராத்திரி எத்தனை தடவை முழிக்கிறீங்க, விசேஷத்துக்குப் போறீங்களா, போன வாரம் எப்ப சிரிச்சீங்க, உங்க வலியை வீட்டுல புரிஞ்சுக்கிறாங்களா. இதெல்லாம் ஒரு கேள்வியா? இவளுக்கு வாய் வரல, திணறிக்கிட்டு இருந்தா. நான்தான் ஒவ்வொண்ணா பதில் சொன்னேன். ரொம்ப நல்லாப் புரிஞ்சுக்கிறோம்னு அந்தக் கடைசிக் கேள்விக்கும் நான்தான் சொன்னேன்.

சின்ன டோஸ்ல ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. தினம் சாயங்காலம் நர்ஸ் போன் பண்ணும், நம்பர் சொல்லணும், நம்பரைப் பார்த்து டோஸைக் கூட்டுவாங்களாம். போன் என்னோடது, நான்தான் எடுப்பேன். நாலும்பேன். மறுநாளும் நாலு. ஆடி பொறக்குற வரைக்கும் நாலு. அதுக்குப் பேருதாங்க ரீடிங். கை நடுங்காத ரீடிங். என்ன, அவங்க டோஸையும் கூட்டல. நாலுக்கு எதுக்குக் கூட்டணும்?

இந்த நேரத்துலதான் அவ தங்கச்சி தமயந்தி வந்து நிக்கிறா. திண்டுக்கல்ல தையல் கடை வச்சிருக்கா, புருஷன் இல்ல, ஒத்தை ஆளு. அக்கா என் பனியனைத் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பார்த்துட்டு நேரா அவ துணிமணியை எடுத்து வச்சா. "அத்தான், கொஞ்ச நாள் அக்கா எங்கிட்ட இருக்கட்டும்"னா. நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? போகட்டும்னு விட்டேன். நர்ஸுக்குத் தமயந்தி நம்பரைக் குடுத்தேன். பெருந்தன்மைதான், வேற என்ன.

அங்க போனதும் இவ நர்ஸ்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? எட்டு. டோஸைக் கூட்டிட்டாங்க. அப்புறம் ஆறுன்னா, அஞ்சுன்னா, மூணுன்னா. டாக்டர் எனக்கே போன் பண்ணிப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லுது. ஐயா, நல்லாக் குறைஞ்சிருக்கு, மருந்தும் வேலை செய்யுது, அந்த இடமும் அவங்களுக்கு ஒத்துக்கிடுது, அங்கயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. ஏம்மா, ஒரே நேரத்துல மாத்திரையையும் மாத்துறே, இடத்தையும் மாத்துறே, எதனால குறைஞ்சுச்சுன்னு எப்படிச் சொல்லுவே? ஒண்ணை நிறுத்தி வச்சுட்டு இன்னொண்ணை மாத்திப் பாருன்னேன். பத்தாங்கிளாஸ் பையன் சொல்லுவானே இதை. அந்தப் பொண்ணும் யோசிச்சுட்டு, நீங்க சொல்றது சரிதான் ஐயா, அதே மாத்திரையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பாருங்கன்னுச்சு. டாக்டரே என் வழிக்கு வந்துச்சா இல்லயா?

கூட்டிட்டு வந்தேன். அதே மாத்திரை, அதே வேளை. இந்தத் தடவை நர்ஸ் அவகிட்டதான் பேசுவேன்னு அடம் பிடிச்சுச்சு, சரி பேசட்டும்னு குடுத்தேன். போன் வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன். எத்தனை சொல்லப் போறே, நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு. நடுவுலயும் கேப்பேன், ரீடிங் எடுத்தா ஒண்ணுக்கு மூணு தடவை எடுக்கணும்ல. காலையில எந்திரிச்சதும் கேப்பேன். சாப்பிடும்போது கேப்பேன். முகத்தைச் சுளிச்சா, இப்ப எத்தனைம்பேன். மூணு நாலாச்சு, அஞ்சாச்சு. வார முடிவுல ஏழுன்னா. அதே உடம்பு, அதே நரம்பு, அதே மாத்திரை.

இதை வச்சு அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னா, எக்ஸ்பெரிமெண்ட் முடிஞ்சிருச்சு ஐயாங்குது. நான் கேட்ட எக்ஸ்பெரிமெண்டாம், அதுக்கு விடையும் கிடைச்சிருச்சாம். வலியை நம்புற ஆள் பக்கத்துல இருந்தா வலி குறையுமாம். நம்பிக்கையெல்லாம் கோயில்ல வச்சுக்கோம்மா, லேபுக்குள்ள கொண்டு வராதேன்னேன். ஒரே கம்பியோட கனத்தை ஒரு ஸ்க்ரூ கேஜ் அருப்புக்கோட்டையில ஏழுன்னு காட்டி, திண்டுக்கல்ல மூணுன்னு காட்டினா, நீங்க என்ன பண்ணுவீங்க? கேஜைத் தூக்கி வீசுவீங்க. இவங்க என்னைத் தூக்கி வீசுறாங்க. தமயந்தி மறுபடியும் வந்து கூட்டிட்டுப் போயிட்டா.

அதுல இருந்து அவ அங்க, நான் இங்க. மகளுங்க ரெண்டு பேரும் போன்ல என்கிட்ட சரியாப் பேசுறதில்ல. மெஸ்ல இருந்து சாப்பாடு வருது, பாதியைக் காக்காய்க்கு வைக்கிறேன். ஃபேனை அஞ்சுல வச்சுட்டுத்தான் படுக்குறேன், இப்ப யாரும் நிறுத்தச் சொல்றதில்ல. அப்பவும் தூக்கம் வர்றதில்லங்க. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, வீட்டுக்குள்ள நுழைஞ்சா வெறிச்சுனு இருக்கு. ஒரு வார்த்தை பேச ஆள் இல்ல. அவ இல்லாம எனக்கு முடியல. அதுக்காக எவகிட்டயும் போய் நம்பர் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன், அது வேற விஷயம்.

இன்னைக்குக் காலையில முடிவு பண்ணிக் கிளம்பினேன், கையோட கூட்டிட்டு வந்துடுறதுன்னு. தமயந்திக்குக் கடைக்குப் பின்பக்கம்தான் வீடு. நான் போறப்ப அக்காவும் தங்கச்சியும் கீழ உக்காந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டு ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. தமயந்தி பழைய மெல்லிசு வாயில் சேலையில தொளதொளன்னு ஒரு சட்டை தச்சுக் குடுத்திருக்கா, உள்பக்கம் தையலே வராத மாதிரி. அதைப் போட்டிருந்தா ராஜாமணி. தலையில பூ வச்சிருந்தா. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்னு போச்சு. மரியாதை.

நான் சுத்தி வளைக்கல. இப்ப எத்தனைன்னு கேட்டேன். மூணுன்னா. மூணுதானே, மூணெல்லாம் ஒரு வலியா, கிளம்புன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போனா. சண்டை போடுவான்னு நினைச்சேன். போடல. பையைத் தூக்கிக்கிட்டு வந்து வாசப்படியில வச்சா. நான் வருவேன்னு தெரிஞ்சு ஏற்கெனவே அடுக்கி வச்சிருந்திருக்கா. எனக்கும் மனசு குளிர்ந்து போச்சு. அவளுக்கும் வர ஆசைதாங்க, முகத்துலயே தெரிஞ்சுச்சு. நான் இளைச்சிட்டேன்னு சொன்னா. சட்டைக் காலரைத் தொட்டு, யாரு தொவைக்கிறாங்கன்னு கேட்டா.

அப்புறம் சொன்னா. "வர்றேங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்கு டாக்டர்கிட்ட எட்டுன்னேன்ல, அது எட்டுதான். நீங்க உங்க வாயால எட்டுன்னு ஒரு தடவை சொல்லுங்க. பையைத் தூக்கிக்கிட்டு இப்பவே வர்றேன்."

இவ்வளவுதான் கேட்டா. நகை கேக்கல, மன்னிப்புக் கேக்கச் சொல்லல. தமயந்தி அருவாமனையை நிறுத்திட்டு என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கா. ராஜாமணி பை மேல கையை வச்சுக்கிட்டு நிக்கிறா. நானும் சொல்லணும்னுதாங்க வாயைத் திறந்தேன். சத்தியமா. அவ்வளவு தூரம் வெறுங்கையோட திரும்பிப் போறதுக்கா போனேன்?

"ஏழரைன்னு வச்சுக்குவோம் ராஜாமணி"ன்னேன்.

அவ கோபப்படல. லேசாச் சிரிச்சா. பையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. திரும்பி வந்து, அவரைக்காய்ப் பொரியல் ஆயிடும், சாப்பிட்டுட்டுப் போங்கன்னா. பக்கத்துல உக்காந்து பரிமாறினா. பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு தமயந்தி சொன்னா. அவ்வளவுதான்.

என்ன அப்படிப் பார்க்குறீங்க? எட்டுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ங்குறீங்க. எப்படிங்க சொல்றது? பேப்பர்ல இருக்கிறது நாலுதான், நான் என் கண்ணால பார்த்துத் திருத்துனது. கட்டினவளாச்சேன்னு மேல மூணரை போட்டேன். என் சர்வீஸ்ல எந்தப் பிள்ளைக்கும் நான் அவ்வளவு கருணை மதிப்பெண் போட்டதில்லங்க. அதுக்கு மேல கருணை காட்ட ரூல்ல இடமில்ல.